கோர்ட்டில் ஒப்புக்கொண்ட தாய்மாமன் சீர்

“கோர்ட்டுல ஏறி அவனைப் பொண்ணுன்னு சொல்ல நான் என்ன லூசா?” என்று சடையப்பன் கத்த, “லூசா இல்லாம இருந்தா இந்நேரம் சட்டையை மாட்டியிருப்ப” என்று குப்பம்மாள் அதற்கு மேல் கத்தினாள். அக்காவும் தம்பியும் தெருக்குழாயடியில் போட்ட சண்டை அது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் குடம் நிரம்பவில்லை, அவ்வளவுதான். நிரம்பியதும் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன்.

குப்பம்மாளுக்கு மகனாகப் பிறந்த ஜெயப்பிரகாஷ் பல வருஷமாக ரேகா. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வாங்கியாயிற்று. விடியற்காலையில் உப்பளத்தில் பெண்கள் வரிசையில் கூடை சுமப்பாள். வேலை முடிந்ததும் பஸ் ஏறி கோட்டக்குப்பம் முபீனாவிடம் தையல். முபீனாவின் புருஷனுக்கு துபாயில் லேடீஸ் டெய்லர் கடை. ரேகாவுக்கு அங்கே வேலை தயார், பாஸ்போர்ட்தான் இல்லை. பழைய பேரில், ஆண் என்று போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், “அப்படிப் போறதுக்கு நான் உப்பே தூக்குறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் திண்டிவனம் கோர்ட்டில் கேஸ். பேர் ரேகா, ஆள் பெண் என்று தீர்ப்பு வேண்டும். வக்கீல் தெய்வசிகாமணி, “குடும்பத்துல ஒரு பெரியவர் வந்து, நாங்க பொண்ணாத்தான் வச்சிருக்கோம்னு சொல்லணும்” என்றார். அப்பா தேவநாதன் உயிரோடு இல்லை. மிச்சமிருந்தது தாய்மாமன், உப்பள மேஸ்திரி சடையப்பன்.

“பொண்ணுன்னு நான் ஒத்துக்கிட்டா, சடங்கு சுத்து, சீர் வையின்னு நிப்ப. அப்புறம் என் பையன் கலியமூர்த்தி முறை மாப்பிள்ளைம்ப.”

“உன் பையனா? பத்து மணி வரைக்கும் பல்லு விளக்காதவனை எம்பொண்ணு திரும்பிக்கூடப் பாக்க மாட்டா.”

கடைசியில் கோர்ட்டிலிருந்து அவருக்கு சம்மன் வந்தது. போகாவிட்டால் ஜீப் வந்து ஏற்றிப்போகும் என்று யாரோ சொல்லிவைக்க (யார் என்று கேட்காதீர்கள்), மனுஷன் வெள்ளைச் சட்டையோடு கிளம்பிவிட்டார். துணைக்கு நாங்களும் வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம். துணைக்குத்தான்.

கூண்டில் ஏறியவர், தெய்வசிகாமணி கேட்டதற்கெல்லாம், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் தாய்மாமன், அவ்ளோதான்” என்றார். ரேகா முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிவிட்டாள். கேஸ் போச்சு என்றே நினைத்தோம்.

பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தார். “தாய்மாமன்னு சொல்றீங்க. சடங்கு சுத்தினீங்களா?”

“இல்லீங்க.”

“ஒரு புடவையாவது எடுத்துக் குடுத்தீங்களா?”

பின் பெஞ்சில் எங்களோடு வந்திருந்த செல்லம்மாள், “ஒரு ஜாக்கெட் பிட்டு கூட இல்ல” என்று முணுமுணுத்தாள். முணுமுணுப்பு கூண்டு வரை கேட்டது.

“அக்கா பொண்ணுன்னு நெனச்சிருந்தா சீர் வச்சிருப்பீங்க இல்ல?” என்று வக்கீல் முடித்தார்.

சடையப்பன் எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “அக்கா பொண்ணுக்குச் சீர் வைக்காத ஆளு எங்க வம்சத்துலயே கெடையாதுங்க. உப்பு சீசன் முடியட்டும்னு இருந்தேன். வர்ற வளர்பிறையில மேளத்தோட வைக்கிறேன். ஐயா நீங்களும் குடும்பத்தோட வந்துடணும்.”

“அப்போ ரேகாவைப் பொண்ணுன்னு ஏத்துக்கிறீங்க?” என்று நீதிபதி அம்மாவே கேட்டார்.

“பொண்ணா இல்லாமயா சீர் வைப்பாங்க?”

அம்மா குனிந்து எழுதினார். சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

தீர்ப்பு வந்த மாசமே சீர் வந்தது. தட்டு வரிசை, நாயனம், பட்டுப்புடவை, முன்னால் தலைப்பாகையோடு சடையப்பன். இருபத்தாறு வயதில் மணையில் உட்கார்ந்து மஞ்சள் தண்ணி ஊற்றிக்கொண்ட ரேகாவுக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, பதிமூன்று வயசுக்காரி தோற்றாள். முபீனா குடம் குடமாக ஊற்றினாள்.

இரண்டாயிரத்து ஆறில் ரேகா துபாய் போனாள். ஏர்போர்ட்டில் ட்ராலி தள்ளுகிறவனிடம்கூட, “என் அக்கா பொண்ணுப்பா” என்று சடையப்பன் சொன்னாராம். கலியமூர்த்தி, சடங்குப் பந்தியில் பாயசம் ஊற்றிய கீழ்புத்துப்பட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் ஊரோடே போய்விட்டான். குப்பம்மாள் இப்போது கோட்டக்குப்பத்தில் முபீனா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள்.