படகுகளின் சராசரி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கணினியில் எண்களைக் கையாள உதவும் ‘நம்பை’ என்ற நிரல் நூலகத்தைப் புதியவர்களுக்குக் கற்பிக்கும் கையேடு ஒன்றில் இப்படி இருந்தது: ‘உங்களைச் சுற்றியுள்ள ஏதாவது எண்களைச் சேகரித்துப் பயிற்சி செய்யுங்கள்.’ எழுதியவர் 2007இல், போர் நடந்த திருகோணமலையில் இருந்திருக்க மாட்டார். கொடுத்துவைத்தவர்.

2

முதல் தொடக்கம்: ‘துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல—’

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: கனகசுந்தரம் அன்புவழிபுரத்தில் சில பழைய கணினிகளோடு வகுப்பு நடத்தினார். மின்சாரம் இருந்தால் நம்பை, இல்லாவிட்டால் கரும்பலகை. எண்களை வரிசையாக அடுக்கி ஒரே கட்டளையில் சராசரி எடுப்பதுதான் முதல் பாடம். கையேட்டை வேதமாக எடுத்துக்கொள்கிற மனிதர் என்பதால், அடுத்த வகுப்புக்கு எல்லாரும் எதையாவது எண்ணிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

(இவ்வளவு வெகுளியான ஆளை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்கே சந்தேகம். கணினி ஆசிரியர் எவரையாவது அறிந்தவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.)

3

மற்றவர்கள் தென்னைமரங்களை எண்ணினார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் அசனா கெட்டிக்காரி. இறங்குதுறையில் காத்து நின்ற நேரத்தில், கடற்படைப் படகுகளை விரல்விட்டு எண்ணினாள்.* காவலில் நின்ற சிப்பாய் என்ன செய்கிறாய் என்று கேட்டான். சராசரி எடுக்கப் படகுகளை எண்ணுவதாகத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். உண்மை பேசினால் பயமில்லை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. காவலரணுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

*நம்பையில் வரிசை பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடற்படை சந்தேகப்பட ஒரு படகை எண்ணினாலே போதும்.

(அவளையும் தென்னைமரம் எண்ணவைத்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ஆகவே அவளைப் பிடித்துக்கொடுத்தவன் நான்தான்.)

4

அவளுடைய வாப்பா முனாப் வகுப்புக்கு ஓடிவந்தார். எண்ணச் சொன்னவர் நேரில் வந்து சொன்னால் பிள்ளையை விடுவார்களாம். பொழுதுபட்டால் வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம்.

கனகசுந்தரம் அன்றுதான் சரியாகக் கணக்குப் போட்டார். தமிழன், கணினி, கடற்படைப் படகுகள். இதைக் கூட்ட எந்த நூலகமும் தேவைப்படவில்லை.

“நான் போனால் திரும்பி வருவனோ தெரியாது, நானா” என்று முனாப்பை அண்ணன் முறை சொல்லி அழைத்தார்.

“ஓம், சேர். தெரிஞ்சுதான் கேக்கிறன்” என்றார் முனாப்.

5

முடிவு அ: அவர் போகிறார். அதிகாரி சிரித்து, தேநீர் கொடுத்து, இருவரையும் அனுப்பிவிடுகிறார். (எந்த நாட்டில்?)

முடிவு ஆ: அவர் போகிறார். அசனா வெளியே வருகிறாள். அவர்—

முடிவு இ: பின்கதவைத் திறந்து கனகசுந்தரம்—

என்னால் முடியவில்லை. எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும்.

‘போகத்தான் வேண்டும்’ என்று நீங்கள் கதிரையில் சாய்ந்தபடி சொல்வது கேட்கிறது. நல்லது, அந்த வரியை நீங்களே எழுதுங்கள். எழுதியபின் காவலரணில் அடையாள அட்டையைக் காட்டி, அனுப்பியது நீங்கள்தான் என்று சொல்லவேண்டியிருக்கும். பொழுது படுகிறது. வாசலில் நிற்கும் முனாப் உங்கள் பெயரைக் கேட்கிறார்.