விட்டவள் கூரையில் விழாத விளக்கு

1

கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். போன ஆண்டு யீ பெங் விளக்குத் திருவிழாப் பௌர்ணமியன்று, சியாங் மாயில் எங்கள் எதிர்வீட்டு சுமாலியின் சமையலறைக் கூரை எரிந்துபோனது. யாரோ தங்கள் பீடை தொலையட்டும் என்று வானத்தில் விட்ட காகித விளக்கு. நானும் வாளி தூக்கினேன். கையில் கரி போவதற்குள் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ஆயிரம் விளக்குகள் வானில் பூத்தபோது பிங் ஆறு மெல்ல...

[அடித்துவிட்டேன். அண்ணாந்து பார்க்கிறவர்கள் எழுதும் வாக்கியம். எங்கள் தெருவில் விளக்கு பூப்பதில்லை. விழுகிறது.]

2

சுமாலி இந்த ஊரிலேயே பிறந்தவள். இதுவரை விழாவுக்குப் போனதே இல்லை.

நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த மாதத்தில் காற்று, விளக்கு விடும் ஆற்றுப் பாலத்திலிருந்து எங்கள் பக்கமாகத்தான் வீசும். அவள் வீடோ இலைக்கூரை. ஊர் விளக்கு விடும்போது அவளும் கணவன் பிரயூனும் ஈரச் சாக்கோடு கூரைமேல் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஆண்டு பிரயூனைத் தனியாகக் கூரையில் ஏற்றிவிட்டு அவள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அவள் கையில், போன ஆண்டு விழுந்த விளக்கின் கருகிய கூடு. எரியாத பக்கத்தில், என் மகளின் வலிப்பு நிற்கட்டும் என்று எழுதிய வேண்டுதல். கீழே பைலின் என்ற பெயரும் அவளுடைய கடையின் பெயரும். பாலத்தடி நூடுல்ஸ் கடை. நாங்கள் எல்லோரும் சாப்பிடுகிற கடை.*

* விழுந்த விளக்கு, விழுந்த வீட்டுக்குப் பீடை என்பார்கள். ஆற்றில் எறிந்துவிடும்படி பிக்குகூடச் சொல்லிப் பார்த்தார். சுமாலி எறியவில்லை. விட்டவரிடமே யாரும் திருப்பிக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

3

பைலினைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவள். கெட்டவளாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு எவ்வளவு வசதி!

கடை வாசலில் சுமாலி கூட்டை நீட்டினாள்.

"இது ஒன்னோடதுதானே அக்கா? எடுத்துக்க."

பைலின் பெயரைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"விட்டது நாந்தாண்டி. விழுந்தது ஒங்க ஊட்டுல. அது ஒன்னோடது."

"எஞ் சமையக்கட்டு எரிஞ்சுது."

"எம் பொண்ணுக்கு வலிப்பு நின்னுடுச்சு. இத வாங்குனா திரும்பி வந்துடும். காலுல வேணா வுழுறேன், உள்ள மட்டும் கொண்டாந்துடாத."

உள்ளே அந்தப் பெண் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் ஒருத்தி எதுவும் பேசாமல் ஆற்றைப் பார்ப்பாள், அத்தியாயம் முடிந்துவிடும். சுமாலி ஆற்றைப் பார்க்கவில்லை.

"அப்ப நாங்க காலம்பூரா கூரையிலயே குந்திக்கிட்டு ஒங்க பீடையப் பொறுக்கணுமா?"

4

பைலின் கெட்டவள் இல்லை என்றேன். அவள் ஓடிப்போய்ப் புது விளக்கு ஒன்றை வாங்கிவந்தாள். நீயும் ஒன்று விட்டுவிடு, உன் வீட்டுப் பீடையும் போய்விடும் என்றாள். சுமாலி மறுப்பதற்குள் திரியைப் பற்றவைத்து, விளிம்பின் ஒரு பக்கத்தை அவள் கையில் திணித்து, மறுபக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டாள்.

சுமாலி வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கு பிடிக்கிறாள். காகிதம் உப்புகிறது. சூடு ஏறுகிறது. கையிலிருந்து மேலே இழுக்கிறது. எல்லோரும் விடு, விடு என்கிறார்கள். காற்று எங்கள் தெருவைப் பார்த்து வீசுகிறது. அங்கே பிரயூன் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

முடிவு அ: அவள் விட்டாள், அது... [அடித்தேன்.]

முடிவு ஆ: இரு பெண்களும் கண்ணீரோடு... [அடித்துக் கிழித்தேன்.]

இதற்குமேல் எழுத மாட்டேன். முடிவு வேண்டுமென்றால், பைலின் பிடித்திருக்கும் பக்கத்தை நீங்கள் வாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் காகிதம் கையிலேயே எரியும். விட்டால் அந்தக் கூரை. அழகாக இருக்கிறது என்று மட்டும் சுமாலியிடம் சொல்லிவிடாதீர்கள்.