நானூற்றைம்பது கிராம்

மத்தியா அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கீலோடு கையில் வந்துவிட்டது. தூக்கி எறிந்தார். கயிற்றுச் சுருள், இரும்புக் கொக்கிகள், ஹெல்மெட் எல்லாம் சமையலறைத் தரையில் உருண்டன. மகன் காஷ்பர் தேவாலயத்தில் பெட்டிக்குள் கிடக்கிறான், மூன்று மணிக்கு அடக்கம். மலையில் செத்தவன் பெட்டிமேல் அவன் கயிறும் பனிக்கோடாரியும் வைக்காமல் அந்தப் பள்ளத்தாக்கில் யாரையும் தூக்கியதில்லை.

“கோடாரி எங்கம்மா?”

மருமகள் நேஜா குனிந்து கொக்கிகளைப் பொறுக்கினாள். அது கதவுக்குப் பின்னால், மழைக்கோட்டுக்கு அடியில் தொங்கியது. அவரே கண்டுபிடித்தார்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காஷ்பரும் கூட்டாளி யெர்னெயும் பாறைச் சுவரை நல்லபடியாகத்தான் ஏறி முடித்தார்கள். இறங்குகிற பிளவில் ஜூன் மாதத்திலும் பனி இறுகிக் கிடந்தது. காஷ்பர் சறுக்கினான். குத்தி நிறுத்தக் கையில் ஒன்றுமில்லை. இருநூறு மீட்டர், கீழே பாறை.

“இது வீட்ல தொங்குது. அப்ப எம்புள்ள வெறுங்கையோடயா போனான்?”

அந்த நேரம் பார்த்துத்தானா யெர்னெய் வாசலில் வந்து நிற்க வேண்டும்? “மாமா, வண்டி வந்துருச்சு…”

மத்தியா பாய்ந்தார். கோடாரி இடக்கையில் இருக்க, வலக்கை முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. சட்டையைப் பிடித்து அடுப்பு விளிம்பில் மோதினார். “இருபது வருஷமா ஏறுற, எருமை மாடே! ரெண்டு பேருக்கு ஒரு கோடாரி எடுத்துட்டுப் போகத் தெரியாதாடா?” மறுபடியும் அடித்தார். வெள்ளைச் சட்டை நெஞ்சுவரை சிவந்தது.

யெர்னெய் கையைக்கூடத் தூக்கவில்லை. “நான்தான் கொண்டுவரணும். மறந்துட்டேன், மாமா.”

நேஜா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பச்சைப் பொய்!

சனிக்கிழமை சாயங்காலம் இதே மேசையில் திட்டம் போட்டவள் அவள். அந்தச் சுவரை இரண்டு தடவை ஏறியவள். நாலு மணிக்குக் கிளம்பணும், ஏழுக்குப் பாறையைத் தொடணும், ரெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும் என்று எழுதி, ஒவ்வொரு சாமானையும் தராசில் நிறுத்தாள். “என் மீசையையும் நிறுத்துப் பாரேன்டி” என்று காஷ்பர் சிரித்தான். அவன் பை ஒன்பது கிலோவைத் தாண்டியது. “ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும். யெர்னெய் எடுத்துட்டு வரட்டும், நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்று கோடாரியை அவன் பட்டியலில் அழித்து, பக்கத்தில் யெர்னெய் பட்டியலில் எழுதினாள். அப்புறம் அக்கா கூப்பிட்டாள். அரைமணி நேரம் அரட்டை. யெர்னெய்க்குப் போன் பண்ண மறந்தே போனாள்.

கோடாரி எங்கே என்று மலையடியில் இருவரும் ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள். மறந்தது அவள்தான் என்று யெர்னெய்க்குத் தெரியும். தெரிந்துதான் அடி வாங்குகிறான். ரத்தத்துக்கு நடுவே அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான்.

“விடுங்க மாமா!” அவர் கேட்கவில்லை. அடிக்கிற கையைப் பிடித்துக் கடித்தாள். அவர் உதறியதில் மேசை முனை விலாவில் இடித்தது. “அவனுக்கு யாரும் சொல்லவே இல்ல. சொல்ல வேண்டியவ நான். மறந்தவ நான்!”

கறுப்புக் கவுன் பையிலிருந்து நான்காக மடித்த அந்தப் பட்டியல் காகிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். மூன்று நாளாக அது அவள் இடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தது.

மத்தியா படித்தார். பென்சில் அழித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கோடாரியை ஓங்கினார்.

“மாமா!” என்று அலறினான் யெர்னெய். நேஜா நகரவில்லை. அடித்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தேவாலய மணி அடித்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. அவர் பார்க்காமலே கோடாரியை மேசைமேல் வைத்துவிட்டு, கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமையிலிருந்து மேசைமேலேயே இருந்த அந்தத் தராசை யாரும் எடுத்து வைக்கவில்லை. கோடாரி அதன் தட்டில் கிடந்தது. முள் ஆடி ஆடி, நானூற்றைம்பதில் நின்றது.