எது முதலில் கொதிக்கும்?

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த வேதியியல் ஆசிரியர் தனியாக வசித்தார்.' யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதினால் கூச்சம் குறையும் என்று ஒரு நப்பாசை. குறையவில்லை. ஆசிரியர் நான்தான். பள்ளிக்குப் பின்சந்தில் ஒற்றை அறை. விவாகரத்துக்குப் பிறகு மகள் அவள் அம்மாவோடு இருக்கிறாள், பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து மாதமாகப் பேச்சில்லை. இன்று மதியம் அவளே கூப்பிட்டாள்.

2

"அப்பா, நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. தண்ணி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ரெண்டுல எது முதல்ல கொதிக்கும்?"

(இங்கே என் மனநிலையை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. 'என் இதயம்' என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

"தண்ணிதான்மா. ஃபுளோரைடுல ஹைட்ரஜன் பிணைப்பு ரொம்ப பலம். மூலக்கூறு ஒண்ணையொண்ணு லேசுல விடாது."

"சூப்பர்ப்பா. எங்க மிஸ் சொன்னப்போ ஒண்ணுமே புரியல. வெச்சிடவா?"

மொத்தம் நான்கு நிமிடம்.*

* நான் சொன்னது தவறு. ஒவ்வொரு பிணைப்பாகப் பார்த்தால் ஃபுளோரைடுக்குத்தான் பலம். ஆனால் ஒரு தண்ணீர் மூலக்கூறு சுற்றிலும் நான்கு பேரைப் பிடித்துக்கொள்ளும்; ஃபுளோரைடு இரண்டே பேரை. அதனால் தண்ணீர் நூறு டிகிரி வரை தாங்கும், ஃபுளோரைடு இருபதுக்குள்ளேயே கொதித்துவிடும். வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் இது.

3

'வாய் தவறிவிட்டது' என்று எழுதி, அடித்தேன். வாய் தவறியது உண்மைதான். ஆனால் அவள் "வெச்சிடவா?" என்றபோதே எனக்கு உறைத்துவிட்டது. திருத்தவில்லை. திருத்துகிற சாக்கில் இன்னொரு தடவை கூப்பிடலாமே என்று இருந்துவிட்டேன். பெற்ற பெண்ணோடு பேச அவள் பரீட்சையையே பணயம் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது மாலை ஆகிவிட்டது. போனை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டேன். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் கூப்பிட்டாள். அந்த ஒரு நம்பிக்கையும் போய்விட்டால் அப்புறம் அவள் எதற்கு...

4

முடிவு அ: நான் கூப்பிடவில்லை. அவள் தவறாக எழுதுகிறாள். (மேலே எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: கூப்பிடுகிறேன். "எனக்கு அப்பவே விடை தெரியும்ப்பா. சும்மா உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு."

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். என் ஆசையை அவள் வாயில் திணித்திருக்கிறேன். அவள் அப்படியெல்லாம் பேசுகிற பெண் இல்லை.

5

கூப்பிட்டுவிட்டேன்.

"சொல்லுங்கப்பா, படிச்சிட்டிருக்கேன்."

"மதியம் நான் சொன்னது தப்பும்மா. ஃபுளோரைடுதான் முதல்ல கொதிக்கும். நீ போனை வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

இந்த இடத்தில் பதிலை வாசகர் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாகத்தான் திட்டம். ஆனால் அவள் கேட்டது உங்களை அல்ல. பதிலை அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம்.