ஒரு மாத வாய்ப்பூட்டு

"ஆள் வருது, எதிர்ல வந்து நிக்காதே!" என்று அண்ணி கையை வீசினாள். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

வீட்டின் முன்பகுதிதான் அண்ணனின் கடை. பழைய கட்டில், மேசை, அலமாரி வாங்கிச் சரிசெய்து விற்பார். முதல் ஆள் படியேறும்போது புருஷனை இழந்தவள் முகத்தில் விழித்தால் வியாபாரம் படுத்துவிடுமாம். அவள் துடைத்த தரையில் நடக்கலாம், அவள் மெருகு போட்ட மேசையை விற்கலாம், அதற்கெல்லாம் ராசி குறுக்கே வராது. முகம் மட்டும்தான் ஆகாது. நல்ல நியாயம், போங்கள்!

இந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாகிறது. "ஏய்", "இந்தா", அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை.

ஆனால் அவள் கைபேசிக்குள் ஓர் ஊரே இருந்தது. பழைய சாமான் வாங்கி விற்பவர்களின் குழு அது. போய்ச் சேர்ந்த கணவரின் வண்டியை விற்பதற்காகச் சேர்ந்தவள், அங்கே நடந்த ஒரு சண்டையை நாலு வார்த்தையில் தீர்த்துவைத்தாள். பிறகு இன்னொன்று. குழுவை நடத்துகிறவர்கள், இந்த ஆளுக்குக் கோபமே வராது போலிருக்கிறதே என்று நடுவர் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தராசு' என்று போட்டிருந்தாள்; அங்கே யார் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் ஆம்பளை என்றே நினைத்துக்கொண்டார்கள். "தராசு அண்ணே, சாப்டாச்சா?" என்று முகம் தெரியாத யாராவது கேட்பார்கள். அதைப் படித்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள்.

குழுவுக்கு ஒரே கட்டளை: பொருளைப் பேசு, ஆளைப் பேசாதே. மீறினால் ஒரு மாதம் வாய்ப்பூட்டு. படிக்கலாம், குழுவில் எழுத முடியாது. பெரிய வியாபாரி, வேண்டப்பட்டவர் என்ற தயவெல்லாம் கிடையாது.

வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கைபேசியைத் திறந்தாள். தையல்கார அம்மா ஒருத்தி தன் மர அலமாரியைப் படம்பிடித்துப் போட்டிருந்தாள். கணவர் தவறிவிட்டார், சின்ன வீட்டுக்குப் போகிறேன், அதனால் விற்கிறேன் என்று கள்ளங்கபடமில்லாமல் எழுதியிருந்தாள். அதற்கு அடியில் ஒரு வரி: "புருஷனை முழுங்கினவ வீட்டு அலமாரி. வாங்குறவங்க யோசிச்சுக்குங்கப்பா." வாங்குவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். அதை எழுதியவர் அவளுடைய அண்ணன்.

அண்ணனின் தந்திரம் அவளுக்குத் தெரியாதா? நாளைக்கு அந்த அம்மாவிடம் தனியாகப் பேசி, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டி, அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். இந்தக் குழுவை நம்பித்தான் கடை ஓடுகிறது. அவர் வாயை அடைத்தால் இவள் சோற்றிலும் மண்தான். அடைத்தது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பார்கள், போவதற்கு வேறு போக்கிடமும் கிடையாது. கண்டும் காணாமல் விட்டுவிடலாமா? இதே மாதிரி பேசிய பாத்திரக்காரருக்குப் போன வாரம்தானே பூட்டுப் போட்டாள்! ஊரானுக்கு ஒரு நியாயம், கூடப் பிறந்தவனுக்கு ஒரு நியாயமா?

அந்த வரியை நீக்கினாள். அண்ணனுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாள்.

வந்த ஆள் போனதும் அண்ணன் குழுவைத் திறந்திருப்பார் போலும், வெளியே தாம்தூம் என்று குதிக்கும் சத்தம் கேட்டது. "எவனோ தராசாம்! என்னை அடக்க இவன் யாரு?"

"கத்தாதீங்க. அந்த ஆளுகிட்ட நயமாப் பேசிப் பாருங்க" என்றாள் அண்ணி.

சற்று நேரத்தில் நடுவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "தராசு அண்ணே, தெரியாம எழுதிட்டேன். என் வீட்டுலயும் புருஷனை இழந்த தங்கச்சி இருக்கா. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறேன். அவ முகத்துக்காகவாவது மன்னிச்சு விடுங்க."

அவள் முகத்துக்காகவாம்! எந்த முகம், ஆகாது என்று கதவைச் சாத்தினார்களே, அந்த முகமா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. "அந்தத் தங்கச்சி என்ன சொல்றாங்க?" என்று மட்டும் திருப்பி எழுதினாள்.

சமையலறைக் கதவு திறந்தது. அண்ணன் வந்து அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்டியாம்மா?"

எத்தனை நாள் ஏங்கிக் கிடந்த கேள்வி! அது இப்படியா வந்து சேர வேண்டும்?

"ஒரு சின்ன உதவிம்மா. வியாபாரக் குழுவுல ஒருத்தன் என்னைப் பேச விடாமப் பண்ணிட்டான். அண்ணன் என்னை ராணி மாதிரி வெச்சிருக்காருன்னு இதுல ஒரு வார்த்தை சொல்லு, போதும்." குரல் பதிவை அமுக்கிக் கைபேசியை அவள் வாயருகே நீட்டினார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் இவரோட தங்கச்சி. கடைக்கு ஆள் வந்தா என்னை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திடுவாங்க. அந்தத் தையல்கார அம்மா யாரையும் முழுங்கல. அவங்க பொழைக்கணும், அலமாரி நல்ல விலைக்குப் போகணும். ஒரு மாசம்னா ஒரு மாசந்தான், ஒரு நாள்கூடக் குறைக்க வேணாம்."

அண்ணன் வெடுக்கென்று கைபேசியை இழுத்துக்கொண்டார். "ஏய்! தையல்காரி, அலமாரி, ஒரு மாசம்... இதெல்லாம் உனக்கு யாருடி சொன்னா? நான் வாயே தொறக்கலையே!"

"யாரும் சொல்லலைண்ணே. உங்க வாயை அடைச்சதே நான்தான்."