பழைய மிஷினுக்குப் புது வரி

கூரியர்காரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சுங்க வரி, அதுக்கு மேல வாட் வரி, அதுக்கும் மேல எங்க கட்டணம். கட்டினாத்தான் பெட்டி."

அவர் காட்டிய தொகையைப் பார்த்ததும் தையல்காரிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி மேஜைமேல் வீசினாள்.

"இது நாங்க புதுசா வரவழைச்ச சாமான் இல்லீங்க. என் பொண்ணோட காது மிஷின். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிப்பேருக்கு அனுப்பினோம். சரிபண்ணி, காசு வாங்காம அனுப்பியிருக்காங்க. வாங்கும்போதே வரி கட்டியாச்சு. என் சாமான் என் வீட்டுக்குத் திரும்பி வர நான் மறுபடி வரி கட்டணுமா?"

"நான் டெலிவரி ஆளும்மா. என்னைக் கேட்டா?" பெட்டியோடு போய்விட்டார்.

மகளுக்கு ஒன்பது வயது. மிஷின் போன நாளிலிருந்து வகுப்பில் டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் அவளுக்கு அதோடு முடிந்தது. போன வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அடம்.

மறுநாள் தையல்காரி கடையைப் பூட்டினாள். மகளை இழுத்துக்கொண்டு விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குக்குப் போனாள். கவுன்டரில் இருந்த கூரியர் கம்பெனிப் பெண் தலையையே நிமிர்த்தவில்லை.

"முதல்ல கட்டுங்க. அப்புறம் ரீஃபண்ட் கேளுங்க."

"கையில இருந்தா இங்க வந்து உங்க மூஞ்சில முழிப்பேனா?"

சத்தம் கேட்டுச் சுங்க அதிகாரி உள்ளேயிருந்து வந்தார். விவரம் கேட்டார். "ரிப்பேருக்குப் போகுதுன்னு அனுப்பும்போதே எங்ககிட்ட பதிஞ்சிருக்கணுமே?"

"தபால் ஆபீஸ்ல கேட்டேன் சார். அதெல்லாம் வேணாம், பழைய சாமான்னு போடுன்னாங்க."

"அங்கதான் கோளாறு. கம்பெனிக்காரனும் புது மிஷின் விலையைப் போட்டு அனுப்பியிருக்கான்."

"அவங்க தப்பு, இவங்க தப்பு. தண்டம் மட்டும் எனக்கா?"

அதிகாரி பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, குனிந்து சிறுமியிடம், "உன் பேர் என்னம்மா?" என்றார். அவள் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார்.

"இன்னும் சத்தமாக் கேளுங்க சார்," என்றாள் தையல்காரி. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "அவ காது அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க."

கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

அதிகாரி பெட்டியை வரவழைத்துப் பிரித்தார். ஓரமெல்லாம் தேய்ந்த மிஷின். முதுகில் சிவப்பு நகப்பூச்சால் சிறுமி வரைந்த கோணல் நட்சத்திரம். "இதைப் போய்ப் புதுசுன்னு எவன் சொல்லுவான்?" என்று முணுமுணுத்தார். உள்ளே போய், இரண்டு பேரிடம் பேசி, வரியை ரத்து செய்து கையெழுத்திட்டார்.

கவுன்டர் பெண் மட்டும் அசையவில்லை. "வரிதான் போச்சு. எங்க கட்டணம், கிடங்கு வாடகை இருக்கு. அது எங்க கம்பெனியோடது, சார் சொன்னாலும் போகாது."

"என் சாமானை எனக்குத் தராம வச்சிருந்ததுக்கு நானே வாடகை குடுக்கணுமா? மனுஷங்கதானா நீங்க?"

தையல்காரி கவுன்டரை அறைந்த அறையில் அதன்மேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. ஆனால் மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கண் பெட்டியை விட்டு நகரவில்லை. லைனிங் துணி வாங்க வைத்திருந்த காசை எடுத்து வீசினாள் தையல்காரி. "ரசீது குடு. வெளியே போய்க் கிழிச்சுத்தான் போடுவேன். இருந்தாலும் குடு."

வெளியே வந்ததும் சிறுமி மிஷினை மாட்டினாள். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. திடுக்கிட்டு, பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, உள்ள கத்திக்கிட்டே இருந்தியே, என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"எனக்கும் சொல்லு."

கோபம் கொஞ்சமும் ஆறாத தையல்காரி, பஸ் நிறுத்தம் வரை ஒரு வார்த்தை விடாமல், அதே சத்தத்தில், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தாள்.