சாலைக்கிணறு லைனுக்குப் புதுப் பலகை

தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி, மாடி அறையிலிருந்த பொம்மை ரயிலில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

தங்கை குமுதவல்லி சாலைக்கிணற்றில் குடியிருந்தாள். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் அது இரண்டாவது ஸ்டேஷன். அவள் கணவருக்கு அங்கே பார்சல் ஆபீஸில் வேலை. ரயிலில் ஏறும்போது உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். அரக்கோணத்தில் காலை மின்சார ரயிலில் ஏறிப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. தணிகாசலம் மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. ரயிலை ஓட்டும் ரெகுலேட்டரைத் திருக வெளியே ஓர் ஆள் வேண்டும்.

போன மழையில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் பலகை நடுவில் உப்பிவிட்டது. பொங்கலுக்குள் மாற்றிவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பொங்கல் போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. வேதவல்லி போன அன்று உப்பிய இடத்தில் பெட்டி குலுங்கி, ஃபிளாஸ்க்கிலிருந்த காப்பி முழுவதும் எதிர் சீட்டுக்காரர் மடியில் கொட்டியது.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, அவளிடமிருந்து கார்டு வந்தது. அரை அரிசி அளவு இருந்தது. தணிகாசலம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு படித்தார்.

‘அந்த மேட்டைத் தாண்டி இன்னொரு தரம் வர என்னால் ஆகாது. பலகையை மாற்றுங்கள். பிளாட்ஃபாரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, அது உருளாமல் நின்றால் வருகிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். கோயில் தெருவில் குமுதா ஒரு போர்ஷன் பார்த்துவைத்திருக்கிறாள். நல்ல காற்றோட்டம்.’

கடைசி வரியை மூன்று முறை படித்தார். வேதவல்லி காற்றோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி சாமான்களைக் கட்டியாயிற்று என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பலகையருகே முழங்காலிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஞானப்பிரகாசத்திடம் பேசினார். ஞானப்பிரகாசம் கட்டை விரல் நகத்தின் உயரம் இருப்பார். கண்டிப்பானவர்.

“பத்து மணி பாசஞ்சர் போனதும் லைனை மூடித் தர்றேன். பன்னெண்டு பத்துக்கு கூட்ஸ் வரும். அதுக்குள்ள ஊர் இருந்த இடத்துல இருக்கணும்” என்றார். “மூணு நாள்தான். வியாழக்கிழமை கோயில்ல கொடி ஏத்தறாங்க. அப்புறம் ஒரு ஸ்குரூவைத் தொட விடமாட்டேன்.”

“ஜனங்களை எங்கே வைக்கிறது?”

“அது உங்க பாடு. சாப்பாட்டு மேஜை வேணாம். போன தடவை நெத்திலி வாடையில பாதிப் பேருக்குத் தலைவலி.”

தணிகாசலம் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்தார். தெருவுக்கு ஒரு கூடு. சாலைக்கிணற்றின் ஜனத்தொகை, வேதவல்லியையும் சேர்த்து, அறுபத்து நான்கு. கோயில் தெருக்காரர்கள் வெல்வெட் வைத்த கூடுதான் வேண்டுமென்றார்கள். ரைஸ்மில் குடும்பமும் தபால்காரர் குடும்பமும் ஒரே கூட்டில் இருக்க மறுத்ததால் நடுவில் துடைக்கும் துணியை மடித்து வைத்தார். வேதவல்லி எந்தக் கூட்டில் ஏறினாள் என்று பார்க்க லென்ஸைச் சொருகினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலைக்கு மாசிலாமணி ஆசாரி வந்தார். நாற்பது வருட அனுபவம். முதல் நாள் சட்டம் அறுத்தார், இரண்டாம் நாள் குறுக்குச் சட்டங்களை இறுக்கிக் கால்களை மாட்டினார். இரண்டு நாளும் பன்னிரண்டு ஐந்துக்கு ஊரைப் பழைய பலகையில் பழையபடி அடுக்கினார்கள். மூன்றாம் நாள் புதுப் பிளைவுட்டைப் போட்டுத் தண்டவாளத்தைப் பதித்து, ஊரையும் இறக்கினார்கள். கூட்ஸ் வரும்போது ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரசமட்டம் வெச்சுப் பாத்துடலாமா?” என்று தணிகாசலம் கேட்டார்.

“அதெல்லாம் கொத்தனாருக்கு சார். எனக்குக் கண்ணு இருக்கு. பாருங்க, தாம்பாளம் மாதிரி இருக்கு.”

வியாழக்கிழமை காலை ஞானப்பிரகாசம் பிளாட்ஃபாரத்தில் ஊர் கூடிப் பார்க்க எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது புக்கிங் ஆபீஸைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, கிழக்கே உருண்டு போய்த் தண்டவாளத்தில் விழுந்தது. வேதவல்லி கோயில் தெருப் பக்கம் நடந்தாள்.

தணிகாசலம் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். கிழக்குப் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. ஆசாரியை வரச் சொன்னார். ஆசாரி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“பலகை நேராத்தான் சார் இருக்கு. உங்க வீடுதான் கொஞ்சம் சாஞ்சிருக்கு. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.”

தணிகாசலம் ஆசாரியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாம் போட்டுப் பார்த்தார். பலகை தாம்பாளம் மாதிரி இருந்தது. ஜன்னல், கதவு, சுவர்க் கடிகாரம் எல்லாம் சாய்ந்திருந்தன. மாசி மாதத்தில் அவரே போட்டுக்கொடுத்த கண்ணாடி அது. ஃபிரேமில் பொருத்தும்போது பத்து டிகிரி திருப்பிப் பொருத்தியிருக்கிறார்.

சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே, “கண்ணாடி எப்படி இருக்கு ஆசாரி?” என்று கேட்டார்.

“சும்மா சொல்லக் கூடாது சார். இதைப் போட்ட அப்புறம்தான் இந்த ஊரே கோணல்னு தெரிஞ்சுது. அம்பத்தெட்டு வருஷம் தெரியாமலே இருந்துட்டேன்.”

தணிகாசலம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். கோயிலில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. இனி ஸ்குரூவைத் தொட முடியாது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பகல்தான் இருந்தது.

அன்று கடையைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆசாரிக்குச் செய்த அதே கோணத்தில், கடுகளவில் கண்ணாடிகளைச் செய்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அறுபத்து நான்கையும் ஒரு பாட்டில் மூடியில் போட்டு ஞானப்பிரகாசத்திடம் நீட்டினார்.

“ஊருக்கே கண்ணாடி போடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை” என்றபடி ஞானப்பிரகாசம் ஒன்றை எடுத்து மாட்டினார். பிளாட்ஃபாரத்தை மேலும் கீழும் பார்த்தார். “லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஃபிரேம் கொஞ்சம் பெரிசு.”

ஊரார் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். வீடுகள் நிமிர்ந்தன. ரைஸ்மில்காரர் தம் வீட்டுத் திண்ணை இத்தனை நேராக இருந்து பார்த்ததில்லை என்றார். வேதவல்லி கடைசியாக வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிளாட்ஃபாரத்தில் வைத்தாள்.

பழம் கிழக்கே உருண்டது.

தணிகாசலம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து அறுபத்தைந்தாவது கண்ணாடியைச் செய்தார். காது இல்லாததால் ஒரு நூலால் கட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியோடு வைத்தபோது பழம் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அசையாமல் நின்றது. வேதவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பை எடுக்க வீட்டுக்குப் போனாள்.

மாசிலாமணி ஆசாரியின் கண்ணாடியை மட்டும் அவர் சரிசெய்யவில்லை. சரிசெய்தால் ஆசாரி பலகையைப் பார்த்து மனம் உடைந்துபோவார்.

வெள்ளிக்கிழமை நாலு நாற்பது வண்டியில் வேதவல்லி வந்து இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றி மணிபர்சில் போட்டுக்கொண்டாள்.

“வண்டி ஆடுச்சா?” என்று தணிகாசலம் கேட்டார்.

“இல்லை. எதிர் சீட்டுல அதே ஆளுதான். என்னைப் பாத்ததும் எழுந்து போய் நின்னுக்கிட்டார்.”

“போர்ஷன்?”

“தண்ணி மேல ஏறலையாம்” என்றபடி கையிலிருந்த டிபன் கேரியரை மேஜையில் வைத்தாள். “குமுதா குடுத்தனுப்பினா. மூணு நாளா கூட்டுக்குள்ள உக்காந்திருந்தோமில்ல, அந்த நேரத்தை யாருமே செலவு பண்ணலை. வீட்டுக்கு வீடு மிஞ்சிக் கிடக்கு. அவங்க நாலு பேரு, எவ்வளவுன்னுதான் தீர்ப்பாங்க? ஆறிடப் போகுது, உக்காருங்க.”

மேலடுக்கைத் திறந்தாள். காலை பத்து மணி வெளியே வந்தது. மேற்கு ஜன்னலில் இருந்த வெயில் எழுந்து கிழக்கு ஜன்னலுக்குப் போயிற்று. தெருவில் கீரைக்காரி கூவினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரப்படாமல், பதினொன்று வரை இருந்தார்கள். அவர் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றார். நடு அடுக்கையும் திறந்தாள்.

கீழடுக்கில் பன்னிரண்டு மணி ஒரு பத்து நிமிடம்தான் இருந்தது. அது சீக்கிரம் கெட்டுப்போகும் என்று மூடி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தாள்.